ஒரு படத்துக்கு இரண்டரை மணி நேரம் தேவையா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மா இன்னும் ஆறு வாரத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். அன்றைக்கு அம்மா கையில் கொடுக்க, இத்தனை வருடங்களாகத் தானே எடுத்த படங்களிலிருந்து 60 படங்களைப் பொறுக்கி ஓர் ஆல்பம் செய்கிறார். எல்லாம் 4-க்கு 6 அங்குலம். கூடவே சுவரில் மாட்ட 16-க்கு 24 அங்குலத்தில் ஒரு பெரிய படம். ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மா ஊசியில் நூல் கோக்கும் படம் அது.

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு தினமும் ஒன்றரை மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார். ஒரு படத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. ஒரு மாதத்தில் 15 படங்கள்தான் முடிந்திருக்கின்றன. அவற்றில் ஐந்தையும், சுவருக்கான படத்தையும் பிரிண்ட் போட்டுப் பார்த்திருக்கிறார். ஐந்தும் இருட்டாக, கொஞ்சம் மங்கலாக வந்திருக்கின்றன. பெரிய படத்தில் அம்மாவின் தோளை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறது. நரைமுடி கம்பி மாதிரி இருக்கிறது. "லேப்காரர் ஃபைலே அப்படித்தான் இருக்கிறது என்கிறார். மறுபடி போட்டுத் தரச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா? கணவர், யார் இதையெல்லாம் உற்றுப் பார்க்கப் போகிறார்கள், அப்படியே அனுப்பு என்கிறார். நேரத்தைக் குறைத்தால் அம்மாவுக்கே ஏதோ குறை வைத்த மாதிரி இருக்கிறது. ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம்தான் செலவழிக்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நேரம் கூடக் கூட அன்பும் கூடும் என்று நினைக்கிறீர்கள். அம்மாவுக்காகக் கண்விழிக்கும் மனதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல வருடங்களாகப் பிரிண்ட் வேலையிலேயே இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உங்கள் ஐந்து படங்களும் பெரிய படமும் சரியாக வராததற்கு நீங்கள் குறைவாக உழைத்தது காரணம் இல்லை. உழைப்பு திரையிலேயே நின்றுவிட்டது, காகிதத்துக்கு வரவில்லை.

முதலில் கணக்கைப் பாருங்கள். மீதி 45 படங்கள். படத்துக்கு இரண்டரை மணி நேரம் என்றால் 112 மணி நேரத்துக்கு மேல். தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் 75 இரவுகள். உங்களிடம் இருப்பது 42. இதே வேகத்தில் போனால் கடைசி வாரத்தில் அவசர அவசரமாக முடிப்பீர்கள். அப்போது கெடப் போவது, எல்லோரும் பார்க்கப் போகும் அந்தச் சுவர்ப் படமாகவே இருக்கும்.

ஆல்பப் படம் ஒன்றுக்குப் பத்து நிமிடம். சுவர்ப் படத்துக்கு மூன்று மணி நேரம், அதுவும் நான்கைந்து நாளுக்குப் பிரித்து. இதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

ஆறு அங்குலப் படத்தை ஐந்தடியில் பார்க்கிறீர்கள்

உங்கள் கேமராவின் படம் 6000-க்கு 4000 பிக்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். 100 சதவீதத்தில் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்துச் சரிசெய்வதாகவும் சொல்கிறீர்கள். சாதாரண மானிட்டரில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 100 பிக்சல் இருக்கும். அப்படியானால் 100 சதவீதத்தில் அந்தப் படம் 60 அங்குல அகலம், அதாவது ஐந்தடி. ஆல்பத்தில் அது ஆறு அங்குலம்தான். ஐந்தடிப் படத்தில் தெரியும் சின்னப் புள்ளியை அரை மணி நேரம் உட்கார்ந்து நீக்குகிறீர்கள். காகிதத்தில் அது எப்படியும் தெரியப் போவதில்லை.

ஆல்பப் படங்களுக்கு, முழுப் படமும் திரையில் தெரியும்படி வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். அந்த அளவில் கண்ணை உறுத்துவதை மட்டும் சரிசெய்தால் போதும். முகம் இருட்டாக இருக்கிறதா, சட்டையின் வெள்ளை மஞ்சளடிக்கிறதா, அடிவானம் சாய்ந்திருக்கிறதா, ஓரத்தில் யாருடைய கையாவது பாதியாக நிற்கிறதா? அவ்வளவுதான். ஒரே நாளில் ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்றாக வைத்து, ஒன்றைச் சரிசெய்து, அந்த செட்டிங்கை மற்றவற்றுக்கும் காப்பி செய்யுங்கள். அப்புறம் ஒவ்வொன்றிலும் முகத்தை மட்டும் பாருங்கள். சில படங்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. 45 படங்களுக்கும் சேர்த்து ஏழரை மணி நேரம். ஐந்து இரவில் முடிந்துவிடும்.

முகச் சுருக்கத்தை நீக்கலாமா என்று இடையில் கேட்டிருந்தீர்கள். அடுத்த மாதம் இருக்காத பருவை எடுக்கலாம். வருடங்களாக அந்த முகத்தில் இருக்கும் எதையும் தொடாதீர்கள்.

ஷார்ப்பனிங் என்ன செய்கிறது, என்ன செய்யாது

இங்கேதான் நீங்கள் அதிகம் சிரமப்பட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஷார்ப்பனிங் படத்தில் இல்லாத விவரத்தைக் கொண்டுவராது. இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் ஓரங்களில், இருட்டுப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கும். அந்த வேறுபாட்டைக் கண் 'கூர்மை' என்று எடுத்துக்கொள்கிறது. ஃபிலிம் காலத்திலேயே இது உண்டு. நெகட்டிவின் மங்கலான மெல்லிய பிரதி ஒன்றை எடுத்து, நெகட்டிவோடு சேர்த்து வைத்துப் பிரிண்ட் போடுவார்கள். அந்த மங்கலான பிரதியை மாஸ்க்காக வைத்து ஓரத்தைத் தூக்கிக் காட்டுவதால்தான் அதற்கு 'அன்ஷார்ப் மாஸ்க்' என்று பெயர். உங்கள் சாஃப்ட்வேரில் இருப்பதும் அதே தந்திரம்தான். ஆகவே கை ஆடி எடுத்த படத்தையோ, ஃபோகஸ் தவறிய படத்தையோ இது காப்பாற்றாது. அப்படி எத்தனை படங்கள் இருக்கின்றனவோ, அவற்றில் மேலும் உழைக்காமல் வேறு படம் தேர்ந்தெடுங்கள்.

அம்மாவின் தோளில் ஓடும் வெள்ளைக் கோடு எங்கிருந்து வந்தது? ஓரத்திலிருந்து எத்தனை பிக்சல் தூரம் ஷார்ப்பனிங் பரவ வேண்டும் என்பதைச் சொல்லும் ரேடியஸை நீங்கள் 4 வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். படத்தை க்ராப் செய்ததில் 4500-க்கு 3000 பிக்சல்தான் மிஞ்சியிருக்கிறது. அதை 24 அங்குலத்துக்கு விரித்தால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 187 பிக்சல். ரேடியஸ் 4 என்றால் ஓரத்தின் இருபுறமும் சேர்த்து ஏறக்குறைய எட்டுப் பிக்சல் அகலத்துக்கு அந்த வெளுப்பும் கறுப்பும் பரவும். காகிதத்தில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகம். இருட்டு ஜன்னல் பின்னணியில் ஒரு மில்லிமீட்டர் பட்டை பளிச்சென்று தெரியத்தானே செய்யும்? அந்தப் பட்டை அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குக்குள் அடங்கினால், சாதாரணமாகப் பார்க்கும்போது கண் அதைக் கோடாக எடுத்துக்கொள்ளாது, கூர்மையாகத்தான் உணரும். உங்கள் சுவர்ப் படத்துக்கு ரேடியஸ் 1-ஐ ஒட்டியே இருக்கட்டும். எவ்வளவு அழுத்தமாக என்பதைச் சொல்லும் அமௌன்ட்டைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஆல்பப் படங்கள் ஏன் மங்கலாக வந்தன? அதே ஷார்ப்பனிங்தான், இங்கே எதிர்ப்பக்கமாக வேலை செய்திருக்கிறது. 6000 பிக்சல் படத்தில் ஷார்ப்பன் செய்து அப்படியே அனுப்பியிருக்கிறீர்கள். 4-க்கு 6 அங்குலப் பிரிண்டுக்கு லேப் அதை 1800 பிக்சல் அளவுக்குச் சுருக்கும். மூன்று மடங்குக்கு மேல் சுருங்கும்போது, நீங்கள் ஓரங்களில் உண்டாக்கிய கூர்மையும் சேர்ந்து சுருங்கிக் காணாமல் போகிறது. இரண்டரை மணி நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் போயிருக்கிறது என்று சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் இதில் நல்ல செய்தியும் உண்டு. அந்த 15 படங்களையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டாம். ஒரிஜினல் ஃபைல்களையும் வண்ணம் திருத்திய ஃபைல்களையும் தனித்தனியே வைத்திருக்கிறீர்கள். ஷார்ப்பனிங்கை மட்டும் எடுத்துவிட்டு, சரியான அளவுக்குச் சுருக்கி, கடைசியாக ஒருமுறை ஷார்ப்பன் செய்தால் போதும்.

டிஜிட்டல் இமேஜிங்கில் பெயர் பெற்ற புரூஸ் ஃப்ரேசர் ஷார்ப்பனிங்கை மூன்று கட்டமாகப் பிரித்துச் சொன்னார். இன்றும் பலர் அதைப் பின்பற்றுகிறோம். முதலில், கேமராவும் லென்ஸும் உண்டாக்கும் இயல்பான மென்மையை ஈடுகட்ட லேசாக. இரண்டாவது, கண்ணைப் போலக் கவனம் போக வேண்டிய இடங்களில் மட்டும். மூன்றாவது, பிரிண்ட் அளவுக்கு மாற்றிய பிறகு, அந்த அளவுக்கும் அந்தப் பேப்பருக்கும் ஏற்ப. ஆல்பத்துக்கு இரண்டாவது கட்டம் தேவையே இல்லை. மூன்றாவதை எக்ஸ்போர்ட் செய்யும்போது சாஃப்ட்வேரே செய்துகொள்ளும், பேப்பர் வகையையும் அளவையும் சொன்னால் போதும்.

300 என்ற எண்ணைப் பற்றி

சுவர்ப் படத்தில் ஓர் அங்குலத்துக்கு 187 பிக்சல்தான் வருகிறது, பிரிண்டுக்குக் கேட்கும் 300 இல்லையே என்று பயந்து, ஃபைலில் 72 என்று இருந்ததை 300 என மாற்றியிருக்கிறீர்கள். அந்த எண்ணை மட்டும் மாற்றினால் படத்தில் ஒரு பிக்சல்கூட மாறாது. அது காகிதத்தில் எத்தனை நெருக்கமாக வைக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே. பிக்சலையும் சேர்த்துக் கூட்டச் சொன்னால், சாஃப்ட்வேர் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து இடையில் உள்ளதை ஊகித்து நிரப்பும்.

நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு என்று வைத்துக் கணக்கிடுவார்கள். கையில் 30 செ.மீ. தூரத்தில் பிடித்துப் பார்த்தால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 290 புள்ளி. ஆல்பத்துக்கு 300 கேட்பது அதனால்தான் பொருந்துகிறது. ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 90 புள்ளிக்கு மேல் இருப்பது கண்ணுக்குப் பிரிந்து தெரியாது. உங்கள் 187 சுவருக்கு இரு மடங்கு தாராளம். இந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

லேப்பிடம் எதைக் கேட்கலாம்

சரி, இருட்டாக வந்த படங்களுக்கு வருவோம். இது முழுக்க லேப்பின் தவறு என்று நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் அப்படி இல்லை. இரவில், அறை விளக்கை அணைத்துவிட்டு, முழு வெளிச்சத்தில் இருக்கும் மானிட்டர் முன்னால் படத்தைச் சரிசெய்கிறீர்கள். திரை தானே ஒளி விடுகிறது. காகிதம் தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தரும். திரையில் எல்லாம் பிரகாசமாகத் தெரிவதால் படத்தைக் கொஞ்சம் அடக்கி வைத்திருப்பீர்கள். அது காகிதத்துக்கு வந்ததும் இருட்டாகிவிட்டது. பிரிண்டுக்காக வேலை செய்பவர்கள் மானிட்டர் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா அளவில் வைத்துக்கொள்வார்கள். அளக்கும் கருவி இல்லாவிட்டால் இப்படிச் செய்யுங்கள்: படிக்கும் விளக்கைப் போட்டு, வெள்ளைத் தாள் ஒன்றை மானிட்டர் பக்கத்தில் பிடித்து, திரையில் வெற்றுப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளுப்பாகத் தெரியும்வரை மானிட்டர் வெளிச்சத்தைக் குறையுங்கள். துல்லியம் கிடையாது, ஆனால் உங்கள் ஐந்து படங்களின் இருட்டில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும்.

மறுபடி போட்டுத் தரும்படி நீங்கள் உறுதியாகக் கேட்க வேண்டிய குறைகளும் உண்டு. குறுக்கே ஓடும் கோடுகள், கீறல், இங்க் சிந்திய புள்ளி, நீங்கள் சொன்ன அளவுக்கு மாறாக வெட்டப்பட்ட ஓரம், ஒரே ஃபைலின் இரண்டு பிரிண்ட் இரண்டு நிறத்தில் வருவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. தயங்காமல் கேளுங்கள். ஃபைலில் இருந்தது அப்படியே காகிதத்தில் வந்திருந்தால், சண்டை போட்டாலும் மறு பிரிண்டும் அதே மாதிரிதான் வரும்.

அடுத்த முறை கொடுப்பதற்கு முன்பே சில விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மெஷின் தானாகவே வெளிச்சமும் கூர்மையும் கூட்டுகிறதா? கூட்டினால், உங்கள் படங்களுக்கு அதை நிறுத்தச் சொல்லுங்கள். எந்தக் கலர் ஸ்பேஸில், அதாவது நிறங்களை எண்ணாகக் குறிக்கும் எந்த முறையில், ஃபைலைக் கேட்கிறார்கள்? பெரும்பாலான லேப்கள் எஸ்ஆர்ஜிபி கேட்கும். வேறொன்றில் அனுப்பினால் நிறம் சோர்ந்து வரலாம். அந்தப் பேப்பரில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் புரொஃபைல் ஃபைலைத் தருவார்களா? தந்தால், அதை வைத்து, பிரிண்ட் எப்படி வரும் என்பதை உங்கள் திரையிலேயே முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு சாஃப்ட் புரூஃப் என்று பெயர்.

சுவர்ப் படத்தின் மூன்று மணி நேரம்

உங்கள் பொறுமை முழுவதையும் இந்த ஒரு படத்துக்குக் கொடுங்கள். ஆன்செல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவில் எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' நெகட்டிவைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டார். 1948-இல் அந்த நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மறுபடி ரசாயனத்தில் இட்டு வலுவாக்கினார். பிற்காலப் பிரிண்ட்களில் வானம் மேலும் மேலும் கறுத்தது. நேரத்தைத் தாராளமாகக் கேட்கும் படங்கள் உண்டுதான். அவர் அந்த நேரத்தைக் காகிதத்தில் வந்ததைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தார் என்பதைக் கவனியுங்கள்.

ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டாம். மஞ்சளான படத்தை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் அதையே வெள்ளை என்று ஏற்றுக்கொண்டுவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு குழந்தையின் படத்தோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். காலையில் பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் கன்னமெல்லாம் பச்சையடித்திருந்தது. இரவு முழுக்க என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அன்றிலிருந்து நாற்பது நிமிடத்துக்கு மேல் ஒரு படத்தோடு தொடர்ந்து உட்காருவதில்லை.

முதல் நாள் வெளிச்சமும் வண்ணமும் மட்டும். ஜன்னல் வெளிச்சம் விழும் கன்னம், நிழலில் இருக்கும் கன்னம், இரண்டிலும் தோலின் விவரம் தெரிய வேண்டும். மறுநாள் பகலில் ஒருமுறை திறந்து பார்த்து, உறுத்துவதைத் திருத்துங்கள். மூன்றாம் நாள், படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் நாய்ஸைக் குறைத்து, அளவை மாற்றி, கடைசியாக ஷார்ப்பனிங். இதை, மற்ற இடங்களை மறைக்கும் மாஸ்க் வைத்து இடம் பார்த்துச் செய்யுங்கள்: கண்ணிமை, விரல் நுனி, ஊசி, நூல். கன்னத்திலும் பின்னணிச் சுவரிலும் வேண்டாம், அங்கே கூடப் போவது நாய்ஸ்தான். முன்நெற்றியில் பிரிந்து நிற்கும் நரைமுடிக்குப் பாதி அளவு போதும். முடி ஏற்கெனவே மெல்லிய கோடு, அதன் இருபக்கமும் ஓரம் உண்டாக்கினால் கம்பிதான் மிஞ்சும்.

பேப்பர் மேட்டா கிளாஸியா என்று கேட்டிருந்தீர்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டப் போவதாகச் சொல்கிறீர்கள், அதனால் மேட் எடுங்கள். கிளாஸியில் ஜன்னல் பிரதிபலிக்கும். மேட்டில் இங்க் கொஞ்சம் ஊறிப் பரவும், கறுப்பும் கிளாஸி அளவுக்கு ஆழமாக வராது. அதனால் மேட்டுக்கு ஷார்ப்பனிங் திரையில் ஒரு பிடி அதிகமாகத் தெரிவது சரிதான்.

பிறகு முழுப் படத்தையும் பிரிண்டுக்குக் கொடுக்காதீர்கள். இறுதி ஃபைலிலிருந்து, அளவை மாற்றாமல், அம்மாவின் முகமும் விரல்களும் வரும் பகுதியை மட்டும் 4-க்கு 6 அங்குலத்துக்கு வெட்டி எடுத்து, அதே லேப்பில், அதே மேட் பேப்பரில் ஒரு டெஸ்ட் பிரிண்ட் போடச் சொல்லுங்கள். ஷார்ப்பனிங் இரண்டு அளவில் வைத்து இரண்டு துண்டாகப் போட்டால் இன்னும் நல்லது. இங்க்ஜெட் பிரிண்டாக இருந்தால் ஒருநாள் காயவிடுங்கள், நிறம் படிய நேரம் எடுக்கும். அப்புறம் இரண்டு துண்டையும் அந்தச் சுவரிலேயே ஒட்டி, வழக்கமாக நிற்கும் தூரத்தில் நின்று, பகலில் ஒருமுறை, இரவு விளக்கில் ஒருமுறை பாருங்கள். கணவரையும் கூப்பிட்டு, எது என்று சொல்லாமல் காட்டுங்கள். நூல் ஊசிக்காதுக்குள் போவது தெரிந்து, முடி முடியாகவே இருக்கும் துண்டு எதுவோ, அந்த ஃபைலை லேப்புக்கு அனுப்பிவிடுங்கள்.